சித்தப்பாவுக்கு இருட்டு தெரியவில்லை

கண் மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் அந்தப் படத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். ஒரே காட்சியை இரண்டு தடவை அச்சடித்திருப்பார்கள். இடது பக்கத்தில் இரண்டு சிறுவர்கள் கையில் பந்தோடு நிற்பார்கள், எல்லாம் பளிச்சென்று இருக்கும். வலது பக்கத்திலும் அதே சிறுவர்கள்தான். ஆனால் சுற்றிலும் கன்னங்கரிய இருட்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் வெளிச்சம். கீழே 'கண் நீர் அழுத்த நோய் உள்ளவரின் பார்வை' என்று போட்டிருக்கும். நல்ல எண்ணத்தில் ஒட்டிய படம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் எனக்கு அதன்மேல் தீராத கோபம் உண்டு. என் சித்தப்பா ஒரு வருடத்துக்குமேல் சொட்டு மருந்து விடாமல் இருந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

கண் நீர் அழுத்த நோயைத்தான் கிளாக்கோமா என்கிறார்கள். அவருக்கு இருந்தது, இருப்பது, அதில் திறந்த கோண கிளாக்கோமா என்ற வகை. கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேறும் மூலை அடைபடாமல் திறந்தே இருக்கும், ஆனால் அங்கே உள்ள சல்லடைத் திசு வேலையில் மந்தமாகிவிடும். வலி கிடையாது. கண் சிவக்காது. தலைவலி, வாந்தி என்று ஆளைக் கீழே தள்ளி மருத்துவமனைக்கு இழுத்துப்போவது கோணம் சட்டென்று மூடிக்கொள்ளும் வேறு வகை. இது சத்தமே இல்லாமல் வருடக்கணக்கில் பார்வை நரம்பைத் தின்னும். சித்தப்பாவிடம் டாக்டர் இதையெல்லாம் சொல்லி, ராத்திரிக்கு ஒரு சொட்டு என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். வெளியே வந்து மருந்துக்காக உட்கார்ந்திருக்கும்போது எதிர்ச் சுவரில் அந்தப் படம். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஏ தாயி, எனக்கு இப்படி இல்லியே. நாலு மூலையும் நல்லா தெரியுதே. இவுக வேற யாருக்கோ உள்ளத எனக்குச் சொல்லுதாக" என்றார்.

அந்த வாக்கியம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. நாலு மூலையும் தெரிவதாகத்தான் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருடைய வலக் கண்ணில் மேற்பாதியில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது.

ஊசியில் நூல் கோக்கும் கண்

சித்தப்பா சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருந்தவர். இப்போதும் வைத்திருக்கிறார், ஆனால் மிஷினில் உட்காருவது குறைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி, கிட்டப்பார்வை. அறுபது தாண்டியபிறகு தெருவில் அவர் வயதுக்காரர்கள் எல்லாம் செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு திண்டாட, இவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, ஊசியை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து முதல் தடவையிலேயே நூலைக் கோத்துவிடுவார். கடைக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. "இந்த வயசுல என்னமா கண்ணு பாருங்க" என்று சித்திக்கும் பெருமை. கிட்டப்பார்வை உள்ளவர்கள் வயதானபின் கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் படிப்பது சாதாரண விஷயம் என்பதும், அதே கிட்டப்பார்வை திறந்த கோண கிளாக்கோமா வரும் வாய்ப்பைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்பதும் எங்களில் யாருக்கும் தெரியாது.

ஊசியில் நூல் கோப்பதற்குப் பார்வையின் நடுப்புள்ளி போதும். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கடைசி வரியைப் படிப்பதற்கும் அது போதும். இந்த நோய் அந்த நடுப்புள்ளியைப் பெரும்பாலும் கடைசிவரை தொடாது. அதனால்தான் நோய் பாதித் தூரம் வந்துவிட்ட ஒருவர் முகாமில் போய் நின்றாலும் 6/6, அதாவது பார்வை சரியாக இருக்கிறது, என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட முடிகிறது. சித்தப்பாவும் அப்படி வந்தவர்தான். பள்ளிக்கூடத்தில் போட்ட ஒரு முகாமில் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள், டார்ச் அடித்துப் பார்த்தார்கள், "புரை இப்பத்தான் லேசா ஆரம்பிக்குது, ஆபரேசனுக்கு அவசரமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். நம் ஊர் முகாம்கள் புரையைத் தேடி வளர்ந்தவை. புரையால் பார்வை இழந்த லட்சக்கணக்கானவர்களுக்குக் கண் கொடுத்தவை. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் புரை தேடி வரும் கண்ணுக்குப் பார்வை நரம்பு தட்டுப்படாது. கண் பாப்பாவைப் பெரிதாக்கும் மருந்து விட்டு, உட்கார வைத்து, லென்ஸ் வைத்து உள்ளே பார்க்க வேண்டும். அதற்கு நேரமும் ஆளும் வேண்டும்.

சித்தப்பாவின் நோயைக் கண்டுபிடித்தது ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த சின்னப் பெண். பவர் மாற்றப் போனவரை அந்தப் பெண் சும்மா விடாமல், "உங்க வீட்ல யாருக்காச்சும் கண் தெரியாம போயிருக்கா தாத்தா?" என்று கேட்டிருக்கிறாள். இவர் தன் அக்காவைச் சொல்லியிருக்கிறார். கைக்கருவியால் உள்ளே பார்த்தவள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு நாங்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பதை அவளிடம் நேரிலேயே போய்ச் சொன்னேன்.

பின்னால் யோசித்தால் அடையாளங்கள் இருந்திருக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குக் கடையை அடைக்கும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே எதையோ எடுக்கப் போவார்; திரும்பி வரும்போது நெற்றியில் இடித்துக்கொள்வார். புருவத்துக்கு மேலே தழும்பே இருக்கிறது. வீட்டில் துணிக்கொடி கழுத்தில் சிக்கும். "எதையாவது நெனச்சுக்கிட்டே நடப்பாரு" என்று சித்தி சொல்லுவாள். பார்வையின் மேற்பகுதி போனவர் மேலே இருப்பவற்றில்தான் இடித்துக்கொள்வார். இந்த நோயில் நரம்பின் கீழ் விளிம்பு முதலில் தேய்வது அதிகம்; கீழ் விளிம்பு தேய்ந்தால் போவது மேல்பக்கக் காட்சி. இதையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது அது ஒரு மனிதரின் கவனக்குறைவாக மட்டும் தெரிந்தது.

அழுத்தம் 18

நோயின் பெயரிலேயே அழுத்தம் இருப்பதால் எல்லோரும் அதைப் பிடித்துக்கொள்கிறோம். கண் அழுத்தம் எவ்வளவு? 21க்குக் கீழே என்றால் நிம்மதி, மேலே என்றால் பயம். சித்தப்பாவுக்கு முதல் நாள் எடுத்தது 18. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதை எட்டிப் பார்த்து, "உங்களுக்கு நார்மல்தான் அண்ணாச்சி, எனக்கு 28" என்று ஆறுதல் சொன்னார்.

இந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1950களில் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களின் கண் அழுத்தத்தை அளந்து சராசரி கண்டுபிடித்தார்கள். அது 15.5 மி.மீ. பாதரசம் வாக்கில் வந்தது. அதிலிருந்து வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி மேலே ஒரு கோடு போட்டார்கள், அது 21 பக்கத்தில் விழுந்தது. பெரும்பாலானவர்களுக்கு அதற்குக் கீழே இருக்கும் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்லும். ஒருவருடைய நரம்பு எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பது அந்தக் கோட்டுக்குத் தெரியாது. ஜப்பானில் தாஜிமி என்ற ஊரில் நடந்த ஆய்வில் நாற்பது வயது தாண்டியவர்களில் 3.9 சதவீதம் பேருக்குத் திறந்த கோண கிளாக்கோமா இருந்தது, அதில் 3.6 சதவீதப் புள்ளிகள் அழுத்தம் 21 அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்கள். கிட்டத்தட்ட எல்லோருமே அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்கள்தான். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்விலும் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையன்று அழுத்தம் 'நார்மல்' என்றுதான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அழுத்தத்தை அளக்கும் கோல்ட்மேன் கருவி கருவிழியைத் தொட்டுத் தட்டையாக்கி அளக்கிறது. கருவிழி சுமார் 520 மைக்ரான் தடிப்பு இருக்கும் என்று வைத்துக்கொண்டு வடிவமைத்த கருவி அது. கருவிழி மெல்லியதாக இருந்தால் எளிதாக அமுங்கும், உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சித்தப்பாவின் கருவிழி 485. ஆக அந்த 18 உண்மையில் 18 இல்லை. அமெரிக்காவில் 1,636 பேரை வைத்து நடந்து 2002இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்றில், அழுத்தம் கூடியவர்களில் யாருக்கு நோய் வரும் என்று பார்த்தபோது கருவிழியின் மெல்லிய தன்மை வலுவான அறிகுறியாக நின்றது. அதோடு அழுத்தம் நாள் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதுமில்லை. காலை பத்து மணிக்கு வரிசையில் நின்று எடுத்த ஒரு எண்ணை வைத்து யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது.

டாக்டர் அழுத்தத்தைவிட நரம்பைத்தான் கவனமாகப் பார்த்தார். பார்வை நரம்பின் தலைப்பகுதியில் நடுவே ஒரு குழி எல்லோருக்கும் இருக்கும். முழு வட்டத்தின் அகலத்தில் இந்தக் குழி எவ்வளவு என்று ஒரு விகிதம் எழுதுவார்கள். சாதாரணமாக 0.3 வாக்கில் இருக்கும். சித்தப்பாவுக்கு வலக் கண்ணில் 0.8, இடக் கண்ணில் 0.6. குழி பெரியது என்பதைவிட இரண்டு கண்ணுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் தன்னை உறுத்துகிறது என்று அவர் சொன்னார். இந்த நோய் இரண்டு கண்ணுக்கும் வரும், ஆனால் இரண்டிலும் ஒரே வேகத்தில் நடக்காது. ஒரு கண் முந்தும். முந்திய கண்ணின் குறையைப் பிந்திய கண் மறைத்துவிடும். அதுவும் நோயாளிக்குத் தெரியாமல் போவதற்கு ஒரு காரணம்.

டாக்டரம்மாவின் கை

படத்தைப் பார்த்துவிட்டு வந்த சித்தப்பா ஒரு பாட்டில் மருந்தை முடித்தார். அடுத்தது வாங்கவில்லை. நாங்கள் கேட்கும்போதெல்லாம் "விடுதேன், விடுதேன்" என்றார். மறுபடி அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முடிந்தது கண்ணாடி உடைந்ததால்தான்.

அன்று ஃபீல்ட் டெஸ்ட், அதாவது பார்வைப் பரப்பை அளக்கும் சோதனை, எடுத்தார்கள். இருட்டறையில் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். தாடையை அதில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் உள்ள மஞ்சள் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே வந்தவர், "நடுவுல ரொம்ப நேரம் விளக்கே போடல. மிஷின் நின்னு போச்சுன்னு நெனச்சு அந்தப் பிள்ளைய கூப்பிட்டேன், ஓடிக்கிட்டுத்தான் இருக்குங்கா" என்றார். நான் பதறிவிட்டேன். ஆனால் நல்ல கண் உள்ளவர்களுக்கும் அந்தச் சோதனையில் ஏறக்குறையப் பாதி விளக்குகள் தெரியாது, அவ்வளவு மங்கலான வெளிச்சம்வரை போய்த்தான் அது அளக்கிறது என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். அதனால் மிஷின் நின்றதாகத் தோன்றியதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. பதில் தாளில்தான் இருந்தது. வலக் கண்ணின் படத்தில் மூக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து நடுப்புள்ளிக்கு மேலே வளைந்து போகும் ஒரு கறுப்புப் பட்டை.

சித்தப்பா அந்தத் தாளையும் நம்பவில்லை. "இதுவும் அந்தச் சுவத்துப் படம் மாதிரிதான்" என்றார். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா அதற்குக் கோபப்படவில்லை. தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, தன் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். "அய்யா, இடது கண்ணை உள்ளங்கையால பொத்திக்கிடுங்க. வலது கண்ணால என் கண்ணையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக்கூடாது. நான் கையத் தூக்கி விரலை ஆட்டுவேன், தெரிஞ்சதும் சொல்லுங்க" என்றார்.

முதலில் கீழ்ப்பக்கம். உடனே "ஆடுது" என்றார். பிறகு அவருடைய காதுப் பக்கம். "ஆடுது." அடுத்து டாக்டரம்மா கையை உயர்த்தி, மூக்குப் பக்கத்து மேல்மூலையில் விரல்களை ஆட்டத் தொடங்கினார். நான் சித்தப்பாவின் பின்னால் நின்றிருந்தேன். எனக்கு அந்தக் கை தெளிவாகத் தெரிகிறது, வளையல் குலுங்கும் சத்தம்கூடக் கேட்கிறது. சித்தப்பா அசையாமல், மரியாதையாக, காத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் போனது. டாக்டரம்மா விரலை நிறுத்தவில்லை. சித்தப்பாதான் பேசினார்: "நான் ரெடிம்மா, நீங்க கையத் தூக்குங்க."

"தூக்கியிருக்கேன் அய்யா."

"எங்க?"

"இந்தா." கையைத் தன் முகத்தை நோக்கி மெல்ல இறக்கினார். பாதி வழியில் சித்தப்பாவின் உடம்பு தூக்கிப்போட்டது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு கை வந்து நின்றிருக்கிறது அவருக்கு. அவர் பொத்திய கையை எடுத்துவிட்டு அந்த மூலையைப் பார்த்தார், அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பாத்தியா தாயி?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். டாக்டரம்மா செய்தார். மூன்றாவது முறையும் செய்யச் சொன்னார்.

அழுத்தக் கணக்கு, நரம்பின் படம், மருந்துச் சீட்டு எதுவும் செய்யாததை அந்தக் கை செய்தது. இந்தச் சோதனை ஒன்றும் நுட்பமானதல்ல. மருத்துவ மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் விஷயம். ஆழமாகப் போன இழப்பைத்தான் அது காட்டும், ஆரம்பக் கட்டத்தைக் கோட்டை விட்டுவிடும். நோயைக் கண்டுபிடிக்க அதை நம்பக்கூடாது. ஆனால் நோய் இருக்கிறது என்று நோயாளி நம்புவதற்கு அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. அவர் இழந்தது என்ன என்று அவருக்கே தெரிந்தது அந்த அறையில்தான்.

இருட்டு எங்கே போனது

அந்த மூலையில் அவர் என்ன பார்த்துக்கொண்டிருந்தார்? டாக்டரம்மா அறையின் சுவர் பச்சையாக இருந்தது. "பச்சைச் சுவர்தான் தெரிஞ்சுது" என்றார் சித்தப்பா. அந்த இடத்திலிருந்து அவர் மூளைக்குச் செய்தி எதுவும் போகவில்லை. ஆனால் மூளை அந்த இடத்தைக் காலியாக விடவில்லை. ஓரத்தில் இருந்த பச்சையை எடுத்து நடுவையும் நிரப்பிவிட்டது. துணியில் விழுந்த ஓட்டையை அதே துணியின் நூலை இழுத்து டார்னிங் பண்ணுவாரே, அப்படி.

இதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் நம் எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. 17ஆம் நூற்றாண்டில் மாரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னது. இடக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேரே நீட்டி, கட்டைவிரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்துங்கள். வலக் கண்ணால் இடது கட்டைவிரலையே பார்த்தபடி வலது கையை மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கட்டைவிரலின் நுனி காணாமல் போகும். அங்கே கறுப்புப் பொட்டு எதுவும் தெரியாது. பின்னால் இருக்கும் சுவரோ கதவோ அப்படியே தொடரும். பிறந்ததிலிருந்து நம்மோடு இருக்கும் இந்த ஓட்டையை நாம் ஒருநாள்கூட உணர்ந்ததில்லை என்றால், பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும் ஓட்டையை ஒருவர் எப்படி உணர்வார்?

லண்டனில் இதைக் கேட்டே பார்த்திருக்கிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வு. கிளாக்கோமாவால் பார்வைப் பரப்பை இழந்த 50 பேரிடம், ஒரே காட்சியைப் பல விதமாக மாற்றிய படங்களைக் காட்டி, உங்களுக்கு எது மாதிரித் தெரிகிறது என்று கேட்டார்கள். சுற்றிலும் இருண்டு நடுவில் மட்டும் வெளிச்சம் உள்ள படத்தையும், கறுப்புத் திட்டுகள் உள்ள படத்தையும் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிக்குமேல், 27 பேர், அங்கங்கே மங்கலாக இருப்பதாகச் சொன்னார்கள். 8 பேர் சில பொருள்கள் காணாமல் போவதாகச் சொன்னார்கள். 13 பேருக்கு எந்தக் குறையுமே தெரியவில்லை. நால்வரில் ஒருவர். என் சித்தப்பா அந்த நாலில் ஒருவர்.

மருத்துவமனைச் சுவர்களில் இருக்கும் படம் பொய் என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். நோயாளி ஒருவர்கூடப் பார்க்காத காட்சியை நோயாளியின் பார்வை என்று மாட்டி வைத்திருக்கிறோம். அதனால் நடப்பது என்ன? நோய் இல்லாதவர்கள் அதைப் பார்த்து, ஓரம் இருட்டினால் வந்து காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நோய் உள்ளவர்கள் அதைப் பார்த்துத் தங்களுக்கு இல்லை என்று முடிவு செய்கிறார்கள். ஃபீல்ட் டெஸ்ட் தாளில் வரும் கறுப்பும் அப்படித்தான். விளக்கு உணரப்படாத இடத்தைக் குறிக்க மிஷின் அங்கே கறுப்பு மை அடிக்கிறது, அவ்வளவே. படம் வேண்டுமென்றால், தெருக்காட்சி ஒன்றில் மூலையிலிருந்து வரும் சைக்கிளை மட்டும் எடுத்துவிட்டுத் தெருவை அப்படியே விடலாம். பக்கத்தில் சைக்கிள் உள்ள படம். கீழே, 'இந்த இரண்டில் எது உங்கள் பார்வை என்று உங்களால் சொல்ல முடியாது, உள்ளே வந்து நரம்பைக் காட்டுங்கள்' என்று எழுதலாம். எந்த மருத்துவமனையாவது இதைச் செய்தால் நான் போய்ப் பசை தடவிக் கொடுக்கத் தயார்.

இது ஏதோ அரிய நோயைப் பற்றிய வருத்தம் இல்லை. மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் பரிசோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. திறந்த கோண கிளாக்கோமா 1.7 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் 93 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணோ இரண்டுமோ ஏற்கெனவே போயிருந்தது. சங்கர நேத்ராலயா ஆய்வில் கிராமத்தில் 1.62 சதவீதம், சென்னை நகரத்தில் 3.51 சதவீதம், கிராமத்தில் முன்பே தெரிந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களின் கணக்கு இது. நான் இந்த 93ஐ முதலில் படித்தபோது சோம்பல், அறியாமை என்றெல்லாம் நினைக்கத் தோன்றவில்லை. நெற்றித் தழும்போடு ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வரும் ஆட்கள்தான் கண்முன் வந்தார்கள்.

சொட்டு மருந்தின் கஷ்டம்

கையைப் பார்த்தபிறகு சித்தப்பா மருந்தை நிறுத்தவில்லை. ஆனால் அது எளிதாக இருக்கிறது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. மற்ற மருந்துக்கெல்லாம் ஏதாவது பலன் தெரியும். காய்ச்சல் இறங்கும், வலி குறையும். இந்தச் சொட்டு விட்டால் பார்வை கூடாது. போனது வராது. விட்டவுடன் கண் சிவக்கும், அரிக்கும். ராத்திரி விடும் லட்டானோபிராஸ்ட் இமையைச் சுற்றித் தோலைக் கறுக்க வைக்கிறது, இமைமுடியை நீளமாக வளர்க்கிறது. காலையில் விடும் டிமோலால் நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. சித்தப்பாவுக்கு மூச்சிரைப்பு இருந்ததால் அதை மாற்ற வேண்டியிருந்தது. கண்ணில் விடும் மருந்து நெஞ்சுக்குப் போகும் என்று அவரும் நினைக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டாக்டரம்மாவே கேட்டுத் தெரிந்துகொண்டார். சொட்டு விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிக்கொண்டால் உடம்புக்குள் இறங்குவது குறையும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். இந்த மாதிரி விஷயங்கள் சீட்டில் இருப்பதில்லை.

பலனே தெரியாத மருந்தை வாழ்நாள் முழுக்க எதற்கு விட வேண்டும் என்ற கேள்விக்குச் சுவீடனில் நடந்த ஆய்வொன்று பதில் வைத்திருக்கிறது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 255 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே சிகிச்சை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நோய் கூடும்வரை கொடுக்காமல் கவனித்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களின் அழுத்தம் சராசரியாகக் கால்பங்கு குறைந்தது. சுமார் ஆறு வருடம் கழித்துப் பார்த்தால், சிகிச்சை இல்லாதவர்களில் 62 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறியிருந்தது, எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு. அழுத்தம் 1 மி.மீ. குறைந்தால்கூட நோய் முன்னேறும் அபாயம் ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைகிறது என்றும் அதிலிருந்து தெரிந்தது. 45 என்பது சின்ன எண் இல்லைதான். மருந்து விட்டும் பலருக்கு நோய் நகர்கிறது, அதனால்தான் அவ்வப்போது ஃபீல்ட் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் அழுத்தத்தை இன்னும் கீழே இறக்குகிறார்கள். லேசர் இருக்கிறது, இங்கிலாந்தில் 2019இல் வந்த ஆய்வில் முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நால்வரில் மூவர் மூன்று வருடம்வரை சொட்டு இல்லாமலே சமாளித்தார்கள். அதுவும் போதாவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது. சித்தப்பாவுக்கு இப்போது சொட்டில்தான் ஓடுகிறது. அழுத்தம் 12, 13 என்று நிற்கிறது. தாள் மாறவில்லை. தாள் மாறாததைக் கொண்டாட வேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கண் அரிப்புக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது அரிப்பை உடனே அடக்கும், அதனால் மறுபடி மறுபடி வாங்குவோம். சிலருக்கு அது கண் அழுத்தத்தைக் கடுமையாக ஏற்றிவிடும், சின்னப் பிள்ளைகளுக்கும்கூட. குடும்பத்தில் கிளாக்கோமா இருப்பவர்களுக்கு இந்த அபாயம் அதிகம். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ரத்தத்தில் வருவது

பெரிய அத்தை கடைசி ஆறேழு வருடம் கண் தெரியாமல்தான் இருந்தாள். சுவரைத் தடவித் தடவி அடுக்களைக்குப் போவாள். புரை என்று சொல்லி ஆபரேஷனும் செய்தார்கள், பார்வை வரவில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். அவளுக்கு என்ன இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, இனி நிச்சயமாகச் சொல்லவும் முடியாது. ஆனால் கண்ணாடிக் கடைப் பெண் கேட்ட கேள்விக்குச் சித்தப்பா சொன்ன பதில் அவள் பெயர். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடந்த ஆய்வில் கிளாக்கோமா நோயாளிகளின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் என்று வந்தது. நோயில்லாதவர்களின் உறவினர்களுக்கு 2.3 சதவீதம். ஏறக்குறையப் பத்து மடங்கு. இதைப் படித்த அன்றே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

அப்பாவைக் கூட்டிப்போனோம். அழுத்தம் 20, கருவிழி அவருக்கும் மெல்லியது, நரம்பில் குழி கொஞ்சம் பெரிது, ஃபீல்ட் டெஸ்ட் சரியாக இருக்கிறது. நோய் என்று சொல்ல முடியாது, சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். பார்வைப் பரப்பில் குறை தெரிவதற்கு முன்பே நரம்பிழைகளில் கால்பங்கோ அதற்குமேலோ போயிருக்கக்கூடும் என்பதால், ஓசிடி ஸ்கேன் எடுத்து நரம்பிழைப் படலத்தின் தடிப்பையும் பதிந்து வைத்தார்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். நானும் காட்டிக்கொண்டேன், எனக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. சித்தப்பா மகள் கோவில்பட்டியிலிருந்து வந்து காட்டினாள், அவளுக்கும் இல்லை.

மிச்சம் இருப்பது சித்தப்பா மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நாற்பதைத் தாண்டிவிட்டான், அப்பாவைப் போலவே தடித்த கண்ணாடி. "எனக்கு எல்லாம் நல்லாத்தான தெரியுது அக்கா, லீவு போட்டா சம்பளம் போயிரும்" என்கிறான். சம்பளம் போகும் என்பது நியாயமான கவலை. பாப்பாவைப் பெரிதாக்கும் மருந்து விட்டால் அன்றைக்கு முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அதனால் ஆடித்தபசுக்கு அவன் ஊருக்கு வரும்போது, லீவு எப்படியும் எடுக்கிற நாட்களில், தேருக்கு மறுநாள் காலையில் நேரம் வாங்கி வைத்திருக்கிறேன். சித்தப்பாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவன் ஏதாவது சாக்குச் சொன்னால், எதிரே உட்கார்ந்து தன் கண்ணைப் பொத்திக் காட்டுவாராம்.